ஜப்பான் நாடகத்தின் மேல் ஒரு பிராது

தனக்கோடி யாரையும் நம்புகிறவர் இல்லை. பால்காரர் அளக்கும்போது குனிந்து பார்ப்பார். கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவனுக்குப் பின்னால் நின்று தானும் ஒரு தடவை நம்பரைப் படித்துக்கொள்வார். மூன்றாம் கிளாசோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தையெல்லாம் சந்தேகப்பட்டே கற்றுக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் செராமிக் எஸ்டேட்டில் சூளைக்குள் சாமான் அடுக்கியவர். அங்கேயும் இன்னொருத்தன் அடுக்கியதைத் தொட்டு ஆட்டிப் பார்க்காமல் சூளைக் கதவை மூட விடமாட்டார்.

மனுஷனை நம்பாதவருக்குச் சாமி ஒன்றின் மேல்தான் நம்பிக்கை. அதுவும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொன்னால், அந்தக் கோயிலில் குறையைத் தாளில் எழுதி, ஸ்டேஷனில் கொடுப்பதுபோலப் பேர் விலாசத்தோடு சாமி காலடியில் வைத்து, பிறகு வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். பிராது கட்டுவது என்று அதற்குப் பேர். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு ஆகிவிடும் என்பார்கள். காரியம் முடிந்தாலும் மனசு மாறினாலும் கட்டினவனே போய் வாபஸ் வாங்க வேண்டும். தனக்கோடி அதுவரை பதினோரு பிராது கட்டியிருந்தார். வேலியை நகர்த்திய பக்கத்து மனைக்காரன் மேல் மட்டும் மூன்று. சைக்கிள் பம்பு காணாமல் போனதற்கு ஒன்று.

"ஒன் கையெழுத்தப் பாத்தாலே சாமி வேல எடுத்துக்கிட்டு பொறவாசப் பக்கமா ஓடுது" என்பாள் அவர் சம்சாரம் ஆராயி.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் மாடி ரூமை இரண்டு பெண்களுக்கு வாடகைக்கு விட்டார். அன்புக்கரசி திட்டக்குடி பக்கத்து மங்களூர்க்காரி. செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு எஸ்டேட்டில் இன்சுலேட்டர் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். கம்பெனியே அவளை ஆறு மாசம் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. இன்னொருத்தி மீரா. சிதம்பரம். ஒரு தனியார் ஸ்கூலில் கணக்கு டீச்சர். விட்டால் பேசிக்கொண்டே இருக்கிற ஜாதி அன்புக்கரசி. மீரா கேட்டதற்குப் பதில் சொல்வாள், அந்தப் பதிலும் கொஞ்சம் காரமாக இருக்கும். தனக்கோடி இருவரையும் ஒரு மணி நேரம் விசாரித்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

முதல் பிரச்சினை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. மாடியில் பெண் குரல்கள் கேட்டன. ஒன்று அழுகிறது, ஒன்று சமாதானம் சொல்கிறது, மூன்றாவதாக ஒன்று சிரிக்கிறது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. தனக்கோடி படியேறிக் கதவைத் தட்டினார்.

"உள்ள எத்தன பேரு இருக்கீங்க? ரெண்டு பேருக்குத்தான் வூடு வுட்டேன்."

மீரா கதவை முழுசாகத் திறந்தாள். "வந்து எண்ணிக்கோங்க பெரியப்பா."

எண்ணினார். கதவுக்குப் பின்னாலும் பார்த்தார். மேசைமேல் ஒரு சிடி பிளேயர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அன்புக்கரசி முழுநீளத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஜப்பான் நாடகம் பெரியப்பா" என்றாள். "ரேடியோ நாடகமாட்டம். படம் கெடையாது, கொரலு மட்டுந்தான்."

"ஜப்பான்காரிக்கு என்னா கஷ்டம், இந்த அழுவ அழுவுறா?"

"அதத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்."

கம்பெனியில் பாஷை பழகச் சொல்லியிருப்பார்கள், வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று தனக்கோடி அவராகவே முடிவுகட்டினார். அலமாரியில் இருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இரண்டு பெண்கள் ஒரே குடைக்குள் நின்றார்கள். கண் முகத்தில் பாதிக்கு இருந்தது.

"அது பின்னாலேருந்து படிக்கணும் பெரியப்பா."

"பின்னாலேருந்து ஆரம்பிக்கிற புஸ்தகத்த எப்படி நம்புறது?" என்று வைத்துவிட்டு இறங்கிப்போனார். போகும்போது, "கதவத் தொறந்து வச்சிக்கிட்டே அழுவ வுடுங்க, அக்கம்பக்கத்துல நாந்தான் அடிக்கிறன்னு நெனப்பாங்க" என்றார்.

அவள் எழுதியது வீட்டுப்பாடம் அல்ல. ஜப்பானில் பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதைகள் படமாகவும் ஒலிநாடகமாகவும் நிறைய வருகின்றன. அன்புக்கரசி அங்கிருந்து ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். அவற்றைப் பற்றித் தமிழில் விமர்சனம் எழுதி, பாலக்கரையில் உள்ள பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்து வலைப்பதிவில் போடுவாள். பதினாறு பேர் படித்தார்கள். பினாங்கில் ஒருத்தி, "இதைத் தமிழில் பேச ஒரு ஆள் இருப்பது தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது" என்று எழுதியிருந்தாள். இதெல்லாம் தனக்கோடிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சித்திரை பிறந்ததும் அன்புக்கரசி ஊருக்குப் போனாள். இரண்டு நாள் என்று போனவள் பத்து நாள் கழித்து முகம் வீங்கி வந்தாள். ஆராயி கேட்டதற்கு, "மாப்ள பாக்குறாங்க பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் காற்றில் மாடியிலிருந்து ஒரு தாள் பறந்து வந்து தண்ணீர்த் தொட்டியோரம் விழுந்தது. தனக்கோடி எடுத்தார். முதல் வார்த்தையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கால் மணி நேரம் ஆனது.

"பிராது. அருள்மிகு கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு. இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இரண்டு வருஷமாக வாழ்ந்துவந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி வேலைக்குப் போகமாட்டாள். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அப்படியிருக்க ஒருத்தியைப் பிரித்து, கல்யாணம் பேசி, ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். மற்றவளைப் பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டார்கள். அழுவதற்குக்கூட அவளுக்கு அரை நிமிஷம்தான் கொடுத்தார்கள். இந்த அநியாயத்தை விசாரித்து, இருவரையும் பிரிக்காமல் ஒரே வீட்டில் வாழவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தாளின் மூலையில் ஒன்று என்று நம்பர் போட்டிருந்தது, அடுத்த தாள் கிடைக்கவில்லை. தனக்கோடிக்கு அது தேவைப்படவும் இல்லை. மாடியில் ரெண்டு பெண்கள், ஒரே வீடு, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், பத்து நாள் பிடித்து வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். பாவம், பிராது எழுதிவிட்டுக் கோயிலுக்குப் போக நேரமில்லாமல் ஷிப்டுக்கு ஓடுகிறாள். எழுதின பிராதை வீட்டில் போட்டு வைப்பது நல்லதில்லை. அன்றைக்கு அவரே மணவாளநல்லூருக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார், வேலிக்காரன் மேல் நான்காவதைக் கட்ட. இதையும் சட்டைப்பையில் வைத்தார். எழுதினவள் பேர் தாளில் இல்லை. கோயிலில் பேர் விலாசம் கேட்டபோது, வீட்டுக்காரன் என்ற முறையில் தன் பேரையே சொன்னார். இரண்டையும் நூலால் சுற்றி வேலில் கட்டிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, செய்யவேண்டியதைச் செய்தவன் நடையில் வீடு வந்தார்.

சாயந்திரம் அன்புக்கரசி வேலை முடிந்து வந்தாள். மீராவும் கூட இருந்தாள்.

"இந்தா பொண்ணு, ஒன் பிராதக் கட்டியாச்சு" என்றார்.

"எந்தப் பிராது பெரியப்பா?"

"அதான், பிரிக்கக் கூடாதுன்னு எழுதுனியே. கீழ வுழுந்து கெடந்துது."

அன்புக்கரசிக்கு முகம் வெளுத்தது. மீரா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது விமர்சனம் பெரியப்பா" என்றாள் அன்புக்கரசி மெதுவாக. "அந்த ஜப்பான் நாடகத்துக்கு எழுதுனது. முடிவு எனக்குப் புடிக்கல. கதாசிரியர் மேல பிராது கட்டுற மாதிரி வேடிக்கையா எழுதுனேன். அடுத்த தாள்லதான் நாடகத்து பேரு, நடிச்சவங்க பேரெல்லாம் இருந்துது."

தனக்கோடிக்கு விஷயம் ஏறக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஏறியதும் ரத்தமும் ஏறியது.

"அப்ப நான் சாமிகிட்டப் பொய்ப் பிராது கட்டியிருக்கேன். என் பேருல. நாப்பது வருசமா நான் கட்டுனதுல ஒரு பொய் கெடையாது தெரியுமா? பொய்ப் பிராது கட்டுனவன் வூட்டுல வெளக்கு எரியாதும்பாங்க. எழுதுறதுக்கு ஒனக்கு வேற சாமியே கெடைக்கலியா?"

"தெரியாமத்தானே பெரியப்பா. திங்கக்கெழம போயி வாபஸ் வாங்கிடுங்க. நானும் வரேன்."

மீரா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "முழுசாப் பொய்யில்ல."

"மீரா, சும்மா இரு."

"என்ன சும்மா இரு? அவர் நம்மளுக்காகப் போய்க் கட்டிண்டு வந்திருக்கார்."

தனக்கோடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுற்றி வளைத்துக் கேட்க அவருக்குத் தெரியாது. "அந்த ஜப்பான் பொண்ணுங்க மாதிரியா நீங்களும்?"

அன்புக்கரசி, "ஆமா பெரியப்பா" என்றாள்.

அவர் உள்ளே போய்விட்டார். ஆராயி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் கையை நிறுத்தவில்லை.

"எனக்கு மூணு மாசமாத் தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்னா செய்வ? அதையும் எழுதிக் கொண்டுபோயிக் கட்டுவ."

"காலி பண்ணச் சொல்லிடவா?"

"சொல்லு. ஒனக்குக் காலு வலின்னு நாலு நாளு படுத்தியே, அந்த டீச்சரு பொண்ணுதான் மாத்தர வாங்கியாந்துது. அதுங்கிட்டயே போயிச் சொல்லு. நான் படியேற மாட்டேன்."

அவரும் ஏறவில்லை. மூன்று நாள் யாரோடும் பேசாமல் திரிந்தார். இது சரியா தப்பா என்று யோசித்துப் பார்த்தார். அவ்வளவு தூரம் யோசிக்கிற பழக்கம் இல்லாததால் தலைதான் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி ஏறினார்.

"நாளைக்கி வாபஸ் வாங்கப் போறேன். என்னா ஏதுன்னு கேட்டா சாமிகிட்ட நான் பதில் சொல்லணும். எம்பேருல இருக்கிற கேசு எனக்கே தெரியாம இருக்கக் கூடாது. அந்த நாடகத்தப் போடு."

போட்டார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். அன்புக்கரசி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். ஒருத்தி ரொட்டிக் கடையில் வேலை செய்கிறாள். இன்னொருத்தி நர்சு வேலைக்குப் படிக்கிறாள். மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழக்கம். பிறகு ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள்.

"இரு" என்றார் தனக்கோடி. "இப்ப அவ என்னா சொன்னா?"

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போன்னு சொல்றா."

"பொய் சொல்றா."

"ஆமா பெரியப்பா."

"கொரலு எங்கியோ போவுதே. அது இவளுக்குத் தெரியலியா? கூட ரெண்டு வருசம் இருந்திருக்கா, கொரலு தெரியாதா?"

அன்புக்கரசி மீராவைப் பார்த்தாள். "இத நான் எழுதாம வுட்டுட்டேன்" என்றாள். தாளை இழுத்து எழுதிக்கொண்டாள்.

கடைசியில் ரயில் வந்தது. கதவு மூடுகிற சத்தம், சக்கரச் சத்தம், பிறகு பிளாட்பாரத்தில் நிற்கிறவள் அழுகிற சத்தம். கொஞ்சம் அழுவதற்குள் பாட்டு வந்து அதை மூடிவிட்டது. நாடகம் முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் தனக்கோடி.

"அவ்வளவுதான். பத்துல ஏழு கதை இப்படித்தான் முடியும்" என்றாள் அன்புக்கரசி. "ஒருத்தி செத்துப்போவா. இல்லன்னா கல்யாணம் ஆயிப் போயிடுவா. போனவளுக்கு ஒரு கொறையும் இருக்காது, நின்னவளப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. மீதி மூணு கதை நல்லாருக்கும். அந்த மூணத் தேடித்தான் எல்லாத்தையும் படிக்கிறேன்."

"எழுதுனவன் அழக்கூட வுடலியே. பாட்டப் போட்டு மூடிட்டான். நடிச்ச பொண்ணு மேல தப்பில்ல, நல்லாத்தான் அழுதா."

"இதத்தான் அரை நிமிஷம்னு எழுதியிருந்தா" என்றாள் மீரா.

தனக்கோடி எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். "எழுதுனவன் மேல நீ பிராது போட்டது ஞாயந்தான்" என்றார். "ஆனா ஜப்பான் கேசுக்கு நம்ம சாமி போவுமான்னு எனக்குத் தெரியல."

திங்கட்கிழமை காலை சைக்கிளை வெளியே எடுத்தார். மீரா ஸ்கூலுக்குப் போயிருந்தாள். அன்புக்கரசிக்கு மத்தியான ஷிப்டு. அவள் கூட வருகிறேன் என்று சொன்னதற்கு, வேண்டாம் என்றுவிட்டார். கேட்டைச் சாத்தும்போது வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஆள், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். கையில் ஒரு மஞ்சப்பை.

"தனக்கோடிங்கிறது நீங்கதானுங்களே? நான் அன்புக்கரசியோட அப்பா. கொளஞ்சிநாதன்."

தனக்கோடி சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். மாடியில் இருக்கிறாள், கூப்பிடட்டுமா என்றார். வந்தவர் கையை ஆட்டினார்.

"மொதல்ல உங்ககிட்டத்தான் ஒரு வார்த்த. வேப்பூர்ல நல்ல எடம் வந்திருக்குது. பையனுக்கு ரோட்டு மேல ஓட்டலு. இவ கேக்க மாட்டேங்குறா. போன மாசம் பத்து நாளு வச்சிப் பாத்தேன், சோறு திங்காம கெடந்து திரும்பி வந்துட்டா. கூட இருக்குதே ஒரு டீச்சரு, அந்தப் பொண்ணு இருக்குற வரைக்கும் இவ வர மாட்டா. ஊர்ல நாலு விதமாப் பேசுறாங்க." குரலைத் தாழ்த்தினார். "நீங்க ரூமக் காலி பண்ணச் சொல்லிடுங்க. எஸ்டேட்டுல வேற எவனும் ரூம் தராத மாதிரி நான் பாத்துக்குறேன். போக்கெடமில்லன்னா ஊருக்குத்தானே வந்தாகணும். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

தனக்கோடிக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போகவில்லை. கண் சிவந்திருந்தது. முதல் பஸ்ஸைப் பிடிக்க ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கமாட்டார். கெட்ட ஆள் இல்லை. கெட்ட ஆளாக இருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"பிராது கட்டியிருக்குதுங்க" என்றார்.

"என்னா பிராது?"

"அவங்க ரெண்டு பேரையும் பிரிக்கக் கூடாது, ஒரே வூட்டுல வாழவுடணும்னு. மணவாளநல்லூர்ல."

கொளஞ்சிநாதனின் கை மஞ்சப்பையைப் பிடித்தபடி நின்றது. ஊரும் பேரும் தெரிந்தவர்களுக்கு அது விளங்கும். பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் கோயிலில் பிராது கட்டிப் பிறந்த பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பேர் வைப்பார்கள்.

"எம்பொண்ணா கட்டுனா?"

"நான் கட்டுனேன்."

"நீங்களா? உங்களுக்கு என்னங்க இதுல?"

"வூட்டுக்காரன்."

கொளஞ்சிநாதன் சைக்கிளைப் பார்த்தார், தனக்கோடியைப் பார்த்தார். "கட்டுனவங்க வாபஸ் வாங்கலாம்ங்க. இப்பயே போவலாம். நானும் வரேன், ஆட்டோ வச்சிக்குவோம். சாமிக்கு எதிரா நான் ஒரு காரியம் செய்ய மாட்டேன், எங்கம்மா ஆணையா. நீங்க வாங்கிட்டா எனக்குத் தட இல்ல."

உண்மையில் தனக்கோடி வாபஸ் வாங்கத்தான் புறப்பட்டிருந்தார். அதைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. சைக்கிள்கூடத் தயாராக நின்றது. மாடிப் படியில் அன்புக்கரசி வந்து நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"வாங்க மாட்டேன்" என்றார் தனக்கோடி.

"ஏங்க?"

"பொய்யின்னு நெனச்சித்தான் வாங்கலாம்னு இருந்தேன். பொய்யில்ல."

கொளஞ்சிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு மாடி ஏறினார். அன்புக்கரசி கதவைத் திறந்துவைத்தே உள்ளே போனாள். கீழே தனக்கோடியும் ஆராயியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பன் சத்தம் ஒரு தடவை உயர்ந்தது. மகள் சத்தம் உயரவில்லை, நிற்கவும் இல்லை. பிறகு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"இட்லி வச்சிட்டா" என்றாள் ஆராயி. "சாப்புடுறாரா பாரு."

"இங்கேருந்து எப்படிப் பாக்குறது?"

"எல்லாத்தையும் எட்டிப் பாப்பியே, இன்னிக்கி என்னா வந்துது?"

இறங்கி வந்தபோது கொளஞ்சிநாதனிடம் மஞ்சப்பை இல்லை. முறுக்கும் எள்ளுருண்டையும் கொண்டுவந்திருந்தாராம், வைத்துவிட்டு வந்துவிட்டார். "தொண்ணூறு நாளு" என்றார். "அதுக்கு மேல நான் வருவேன்."

"வாங்க" என்றார் தனக்கோடி.

சொன்னாரே ஒழிய அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பெண்ணை இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது? கம்பெனி வாசலில் போய் நின்றால்? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரும் கூடவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். திட்டக்குடி பஸ் நின்றுகொண்டிருந்தது. கொளஞ்சிநாதன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். தனக்கோடி ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"பெரியவரே" என்றார் கொளஞ்சிநாதன். "நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. இது உங்களுக்குச் சரின்னு படுதா?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் மூணாங்கிளாசு. பிரிச்சா தப்புன்னு மட்டுந்தான் தெரியுது."

"அது எப்படித் தெரியும்?"

தனக்கோடி யோசித்தார். "ஒரு நாடகம் கேட்டேன்" என்றார். "அதுல பிரிச்சாங்க. எனக்கு ஆத்திரமா வந்துது."

டிரைவர் ஏறினார். கொளஞ்சிநாதன் ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, "நேத்து ராத்திரி அவ அம்மா தூங்கல. போயி நான் என்னா சொல்லுறது?" என்றார். அது தனக்கோடியிடம் கேட்டதுபோலவும் இல்லை.

"புள்ள நல்லாருக்குது, சோறு திங்குதுன்னு சொல்லுங்க. பொய்யில்லியே அது."

பஸ் கிளம்பியது. தனக்கோடி கண்டக்டரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "ஜன்னலோரம் வெள்ள வேட்டி, திட்டக்குடிக்குத்தானே சீட்டு எடுத்தாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றான். அப்படியும் அவர் நகரவில்லை. வழியில் யாராவது இறங்குகிறார்களா என்று, பஸ் வளைவு திரும்பி மறைகிற வரை ஸ்டாண்டு வாசலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.